உழைக்க முடியாமற் போனால் நமக்கு என்ன உரிமை உண்டு?

"கையும் காலும் நல்லாயிருக்கிற வரைக்குந்தான் நமக்கு மதிப்பு." மலையகத்து லயங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நாளாந்தம் பெரட்டுக்குப் போய், பேர் போட்டு, அந்தச் சம்பளத்தில் அரிசியும் மாவும் வாங்கும் ஒரு குடும்பத்தில், உழைப்பவர் ஒருவர் நிரந்தரமாகப் படுக்கையில் விழுந்துவிட்டால் என்ன நடக்கும்? முதலில் அடகுக் கடை, அடுத்து வட்டிக் கடன், பின்பு பிள்ளைகளின் படிப்பு நிற்பது. இந்த வரிசை நாம் எல்லோரும் அறிந்ததே.

இப்படியான நிலையில் சட்டப்படி கிடைக்கவேண்டிய பணம் சில இருக்கின்றன. அவற்றைப் பெறாமலேயே பலர் காலத்தைக் கழித்துவிடுகிறார்கள். சிலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வேறு சிலர் தெரிந்திருந்தும் தவறான கடிதத்தில் கையொப்பமிட்டு உரிமையை இழந்துவிடுகிறார்கள். எந்தப் பணம் எங்கே இருக்கிறது, அதைக் கேட்பது எப்படி என்பதை இக்கட்டுரை எளிமையாக விளக்க முயல்கிறது.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது ஏன் முக்கியம்?

இறம்பொடையில் நின்று கீழே பார்த்தால் கொத்மலை நீர்த்தேக்கம் தெரியும். 1979க்கும் 1985க்கும் இடையில் அந்த அணை கட்டப்பட்டபோது, அந்தப் பள்ளத்தாக்கில் வயலும் தோட்டமும் வைத்திருந்த விவசாயக் குடும்பங்கள் எழும்பிப் போகவேண்டி வந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய திட்வா சூறாவளியின் மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனையோ மலைகள் சரிந்தன. எழும்பிப் போனவர்கள் பலர் இன்று முன்பு செய்த வேலையில் இல்லை. தோட்டத்தில் நிரந்தரப் பதிவில் இருந்தவர் இப்போது ஒருவருடைய மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலி. சொந்த நிலத்தில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்டவர் இப்போது கொந்தராத்து வேலையில்.

வேலை மாறும்போது உரிமையும் மாறுகிறது. பழைய தோட்டத்தில் சேர்ந்த பணம் அங்கேயே கிடக்கும். புதிய இடத்தில் பதிவே இருக்காது. அத்துடன் வீட்டோடு சேர்ந்து அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு எல்லாம் மண்ணுக்குள் போயிருக்கும். ஆகவே இடம்பெயர்ந்தவர்களே இந்த விடயத்தில் அதிகம் விழிப்பாக இருக்கவேண்டும்.

நீண்டகால இயலாமைக் காப்புறுதி என்றால் என்ன?

கனடாவில் உறவினர் உள்ளவர்கள் இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே பல தொழில் நிறுவனங்கள் தம் ஊழியருக்காகக் கூட்டுக் காப்புறுதி எடுத்துவைத்திருக்கும். ஒருவர் நோயினாலோ விபத்தினாலோ மாதக் கணக்கில் வேலைக்கு வர முடியாமற் போனால், சம்பளத்தில் ஒரு பங்கு, பெரும்பாலும் நூற்றுக்கு 60 முதல் 70 வரை, மாதாமாதம் கிடைக்கும். பல ஒப்பந்தங்களில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு "உன்னுடைய சொந்தத் தொழிலைச் செய்ய முடியுமா?" என்று பார்ப்பார்கள். அதன் பின் "வேறு ஏதாவது தொழில் செய்ய முடியுமா?" என்று கேட்பார்கள். இரண்டாவது கேள்வியில் பலருக்குப் பணம் நின்றுவிடும்.

இந்தியாவில் தொழிற்சாலைத் தொழிலாளருக்கு 1948ஆம் ஆண்டின் ஊழியர் அரசுக் காப்புறுதிச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் வேலை விபத்தில் நிரந்தரமாக முடமானவருக்கு, அவர் இழந்த உழைப்புத் திறனுக்கு ஏற்ப மாதாமாதம் பணம் கிடைக்கும். 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்திலும் முழுமையாக இயலாமற் போனவருக்கு மாத ஓய்வூதியம் உண்டு. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இங்கிருந்து சென்று தமிழ்நாட்டில் வேலைக்குச் சேர்ந்த நம் உறவினர் பலருக்கு இந்தத் திட்டங்கள் பழக்கமானவை.

இலங்கையில் தனியார் துறை ஊழியருக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் இப்படி மாதாமாதம் சம்பளத்தின் ஒரு பங்கைத் தரும் பொதுவான காப்புறுதி இல்லை. இங்கே இருப்பவை பெரும்பாலும் ஒரேமுறையில் தரும் தொகைகள். அவையும் ஒரே இடத்தில் இல்லை. நான்கைந்து சட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றைப் பெற்றால் மற்றொன்று கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இவை தனித்தனி உரிமைகள். தகுதி இருந்தால் எல்லாவற்றையும் கேட்கலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. வேலையாளர் நட்டஈடு

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமே இவற்றுள் மிகப் பழையது. வேலை செய்துகொண்டிருக்கும்போது, அந்த வேலையினால் ஏற்பட்ட காயத்துக்கு முதலாளி நட்டஈடு தரவேண்டும் என்று இது சொல்கிறது. கொழுந்து பறிக்கும்போது சறுக்கி விழுந்து இடுப்பு முறிவது, கவ்வாத்துக் கத்தி கையில் வெட்டுவது, மலையில் குளவி கொட்டுவது, ஸ்டோரில் இயந்திரத்தில் கை மாட்டுவது என்பனவெல்லாம் இதில் அடங்கும். சட்டத்தில் குறிப்பிட்ட சில தொழில் நோய்களும் அடங்கும்.

முதலாளி குற்றம் செய்தார் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. வேலையில் நடந்தது என்பதே போதும். ஆனால் குடிபோதையில் இருந்ததால் அல்லது பாதுகாப்புக்காக இடப்பட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறியதால் விபத்து நடந்தது என்று காட்டினால் முதலாளி மறுக்கக்கூடும்.

நட்டஈட்டை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். மரணம், நிரந்தர முழு இயலாமை, நிரந்தர பகுதி இயலாமை, தற்காலிக இயலாமை என்பனவே அவை. இரண்டு கண்களின் பார்வையும் போனால் அது முழு இயலாமை. ஒரு விரல் போனால் அது பகுதி இயலாமை. அதற்குச் சட்ட அட்டவணையில் நூற்றுவீதம் இருக்கிறது. அட்டவணையில் இல்லாத காயமானால் வைத்தியரின் மதிப்பீட்டைக் கொண்டு தீர்மானிப்பார்கள். தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவருக்கு அரைமாதத்துக்கு ஒருமுறை கொடுப்பனவு உண்டு.

2022ஆம் ஆண்டு இச்சட்டம் திருத்தப்பட்டது. உயர்ந்தபட்ச நட்டஈடு 5,50,000 ரூபாவிலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. வேலைக்குப் போகும் வழியிலும் வேலையிலிருந்து திரும்பும் வழியிலும் ஏற்படும் விபத்துகளும் சேர்க்கப்பட்டன. தூரத்து மலைக்கு லொறியிலும் ட்ரக்டரிலும் ஏற்றிச் செல்லப்படும் தொழிலாளருக்கு இது பெரிய மாற்றம்.

விபத்து நடந்தால் உடனடியாகத் தோட்ட நிர்வாகத்துக்கு அறிவிக்கவேண்டும். வாயால் சொன்னால் போதாது. ஒரு துண்டுக் கடதாசியிலாவது திகதி, நேரம், மலையின் பெயர், நடந்தது என்ன, பார்த்தவர்கள் யார் என்று எழுதிக் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகம் பணம் தர மறுத்தால் வேலையாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பிக்கலாம். காலக்கெடு உண்டு என்பதால் "காயம் ஆறட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருக்கவேண்டாம்.

இன்னொன்று. "இந்தப் பணத்தைப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாளை நீட்டினால் கையொப்பமிடாதீர்கள். நட்டஈட்டு உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுப்பதாகச் செய்யும் ஒப்பந்தம் சட்டத்தில் செல்லாது. ஆயினும் அப்படி ஒரு தாள் இருந்தால் வழக்கு நீளும், அலைச்சல் கூடும்.

2. ஊழியர் சேமலாப நிதி

நாம் ஈ.பி.எஃப். என்று சொல்வது இதுதான். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடிப்பார்கள். முதலாளி நூற்றுக்கு 12 சேர்ப்பார். பணம் மத்திய வங்கியில் இருக்கும்.

சாதாரணமாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் இதை எடுக்கலாம். வயது வருமுன் எடுக்கச் சட்டம் அனுமதிக்கும் காரணங்களில் ஒன்று, நிரந்தரமாகவும் முழுமையாகவும் வேலை செய்ய முடியாமற் போவது. இதற்கு வைத்தியச் சான்றிதழ் தேவை. விபத்து வேலையில் நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வீட்டில் விழுந்தாலும், பாரிசவாதம் வந்தாலும், மண்சரிவில் முதுகு உடைந்தாலும் இந்த உரிமை உண்டு.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். 42 வயதில் இடுப்பு உடைந்த ஒருவர் தோட்ட ஆபிஸில், "சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விடுகிறேன்" என்று கடிதம் கொடுத்துவிடுகிறார். பின்பு ஈ.பி.எஃப். கேட்டால், "சுயமாக விலகியவர் 55 வயது வரை பொறுத்திருக்கவேண்டும்" என்ற பதில் வருகிறது. வேலையை விட்ட காரணம் நோய் என்றால், கடிதத்திலும் அதுவே இருக்கவேண்டும். வைத்தியச் சான்றிதழையும் இணைக்கவேண்டும்.

முழுமையாக இயலாமற் போகாதவருக்கும் ஒரு வழி இருக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, குறைந்தது 10 வருடம் பங்களிப்புச் செய்து, கணக்கில் 3 இலட்சம் ரூபாவுக்குக் குறையாமல் வைத்திருப்பவர், சேர்ந்த பணத்தில் நூற்றுக்கு 30 வரை வீட்டுக்காக அல்லது குறிப்பிட்ட கடும் நோய்களின் சிகிச்சைக்காக முன்கூட்டியே எடுக்கலாம்.

3. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி

ஈ.டி.எஃப். எனப்படும் இதுவே நம்மவர்கள் அதிகம் மறந்துபோகும் நிதி. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. முதலாளி மட்டும் நூற்றுக்கு 3 கட்டுகிறார். உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் பிடிப்பதில்லை. சம்பளச் சீட்டில் கழிவாகக் காணாததால் பலருக்கு இது நினைவில் நிற்பதில்லை.

சேர்ந்த பணத்தைத் தவிர, இந்த நிதியில் காப்புறுதி நன்மைகளும் உண்டு. அங்கத்தவர் இறந்தால் குடும்பத்துக்கு, நிரந்தரமாக இயலாமற் போனால் அவருக்கு, இருதய சத்திரசிகிச்சைக்கு, கண் வில்லை பொருத்துவதற்கு என்று தனித்தனியாக உதவிகள் இருக்கின்றன. நமது நாட்டில் "இயலாமைக் காப்புறுதி" என்ற சொல்லுக்கு மிக நெருங்கி வருவது இந்த நன்மைதான். தொகைகள் அவ்வப்போது மாற்றப்படுவதால், விண்ணப்பிக்கும் நேரத்தில் உள்ள அளவை ஈ.டி.எஃப். சபையில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இந்தக் காப்புறுதி, வேலையில் இருந்து பணம் கட்டப்பட்டுவரும் அங்கத்தவருக்கே உரியது. ஆகவே வைத்தியர் நிரந்தர இயலாமை என்று சொன்னவுடன், வேலையை விட்டு விலகுமுன்பே இதைப் பற்றி விசாரிப்பது நல்லது. விலகிச் சில வருடங்களுக்குப் பின் கேட்டால், சேர்ந்த பணம் கிடைக்கலாம். காப்புறுதி நன்மை கைநழுவிவிடும்.

4. சேவைக்காலப் பணம்

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியாகச் சேவை செய்தவருக்கு, அவர் எந்தக் காரணத்தால் விலகினாலும் இது கிடைக்கவேண்டும். நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு சேவை வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம். கடைசியாக வாங்கிய சம்பளமே கணக்கில் எடுக்கப்படும்.

விலகி 30 நாட்களுக்குள் முதலாளி இதைக் கொடுக்கவேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணத்துடன் கட்டவேண்டி வரும். தோட்டம் ஒரு கம்பனியிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறியிருந்தால், பழைய சேவைக்காலம் யார் கணக்கில் இருக்கிறது என்பதை எழுத்தில் கேட்டுவைப்பது அவசியம். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குச் சென்றபோதிருந்து இந்தக் கேள்வி பல இடங்களில் எழுந்திருக்கிறது.

ஓர் உதாரணக் கணக்கு

22 வருடம் சேவை செய்த ஓர் அக்காவை எண்ணிக்கொள்வோம். கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று அவருடைய நாட்சம்பளத்தை 1,000 ரூபா என்று வைப்போம். மாதம் 20 பேர் போட்டால் சம்பளம் 20,000 ரூபா. இதில் அவருடைய ஈ.பி.எஃப். கழிவு 1,600 ரூபா. முதலாளி சேர்ப்பது 2,400 ரூபா. மொத்தம் மாதம் 4,000 ரூபா. ஈ.டி.எஃப்.க்கு முதலாளி கட்டுவது 600 ரூபா. சேவைக்காலப் பணம் 14 நாள் × 1,000 ரூபா × 22 வருடம் = 3,08,000 ரூபா.

மூன்று இலட்சம் என்றால் பெரிய தொகை போலத் தோன்றும். மாதம் 10,000 ரூபா வீதம் வீட்டுச் செலவுக்கு எடுத்தால் இரண்டரை வருடத்தில் அது முடிந்துவிடும். அந்த அக்காவுக்கு வயது 45 என்றால், அதன் பின் எத்தனை வருடம் இருக்கிறது? ஆகவே இந்தப் பணம் கைக்கு வந்த மாதத்திலேயே பழைய கடன், சடங்கு, மோட்டார் சைக்கிள் என்று கரைந்துபோக விடாமல், ஒரு பகுதியையாவது அவருடைய பெயரிலேயே வங்கியில் நிலையான வைப்பில் இடுவது புத்தி. மாதச் சம்பளம்போல் வரும் காப்புறுதி நமக்கு இல்லாததால், மொத்தத் தொகையை மாத வருமானமாக மாற்றும் வேலையை நாமே செய்யவேண்டியிருக்கிறது.

5. சொந்தமாக விவசாயம் செய்பவர்கள்

மேலே சொன்ன நான்கும் ஒருவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு உரியவை. சொந்த நிலத்திலோ குத்தகை நிலத்திலோ பயிர் செய்பவருக்கு முதலாளி இல்லை. அவர் தானாகச் சேரவேண்டும்.

1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் கமக்காரர் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்பு நன்மைத் திட்டம் தொடங்கப்பட்டது. முதுமைக்கால ஓய்வூதியத்துடன், நிரந்தர இயலாமைக்கும் மரணத்துக்கும் இதில் உதவி உண்டு. நிதிப் பற்றாக்குறையால் 2012இல் ஓய்வூதியம் தடைப்பட்டு, 2014இல் மீண்டும் கொடுக்கத் தொடங்கினார்கள். இதன் பொறுப்பு கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையினுடையது. பக்கத்துக் கமநல சேவை நிலையத்தில் விசாரிக்கலாம். முன்பு சேர்ந்து தவணை கட்டி, இடம்பெயர்ந்தபின் விட்டுவிட்டவர்கள் பழைய பற்றுச்சீட்டையோ அங்கத்துவ இலக்கத்தையோ தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபையும் சுயதொழில் செய்வோருக்கு ஓய்வூதியத் திட்டம் நடத்துகிறது. பிரதேச செயலகத்தில் இதற்கான உத்தியோகத்தரைக் காணலாம். இரண்டு திட்டங்களிலும் உடல் நன்றாக இருக்கும்போதே சேரவேண்டும். விழுந்தபின் சேர முடியாது.

இடையில் நிற்கும் ஒரு கூட்டமும் இருக்கிறது. இப்போது பல தோட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு இத்தனை ஆயிரம் தேயிலைச் செடி என்று பிரித்துக்கொடுத்து, கொழுந்தைக் கிலோக் கணக்கில் வாங்கும் முறை வந்திருக்கிறது. கையில் கூடுதலாகக் காசு வரும் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் செக்ரோலில் உங்கள் பெயர் இருக்கிறதா, ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். தொடர்ந்து கட்டப்படுகிறதா, மலையில் விழுந்தால் நட்டஈடு யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விகளையும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் கேட்டாகவேண்டும். பதில் எழுத்தில் வேண்டும்.

6. அரசாங்கத்தின் மாதாந்தக் கொடுப்பனவு

பதிவும் இல்லை, சேவையும் இல்லை, எந்தத் திட்டத்திலும் சேரவில்லை என்பவருக்கும் ஒரு கதவு இருக்கிறது. குறைந்த வருமானமுள்ள அங்கவீனமுற்றோருக்கு அரசாங்கம் மாதாந்தம் உதவிப்பணம் தருகிறது. 2024இல் இது 7,500 ரூபாவாக இருந்தது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 2023இல் ஆரம்பித்த அஸ்வெசும நலன்புரித் திட்டத்தில் குடும்பக் கொடுப்பனவும் உண்டு. குடும்பத்தின் வறுமை நிலையைப் பார்த்துக் கொடுக்கப்படுவது.

இதற்குக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் போகவேண்டும். இடம்பெயர்ந்து வேறு கிராம அலுவலர் பிரிவில் இருப்பவர்கள், "உங்கள் பெயர் பழைய பிரிவில்தான் இருக்கிறது" என்று அங்குமிங்கும் அலைக்கழிக்கப்படுவதுண்டு. ஆகவே முகாமுக்கோ உறவினர் வீட்டுக்கோ புதிய குடியிருப்புக்கோ போனவுடன், வதிவிடப் பதிவை மாற்றுவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

லயத்து வீடு போய்விடுமா?

இந்தப் பயத்தினாலேயே பலர் நோயை மறைத்துக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். ஒரு தோட்டத் தலைவரிடம் ஓர் அம்மா இப்படிக் கேட்பது வழக்கம்: "தலைவரே, எனக்குப் பேர் இல்லைன்னா காம்பராவையும் புடுங்கிருவாங்களா?" அதற்குப் பதில் இதுதான்: "அப்புடிச் சும்மா வெளியேத்த முடியாதும்மா. கோர்ட்டுக் கட்டளை இல்லாம யாரும் உங்க சாமானைத் தொடக்கூடாது." 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் பற்றிய விசேட சட்டம், நீதிமன்றத்தின் கட்டளையின்றித் தோட்டக் குடியிருப்பிலிருந்து எவரையும் வெளியேற்றக்கூடாது என்கிறது. வீட்டுக்குப் பயந்து உடலைக் கெடுத்துக்கொள்ளவேண்டாம்.

எதை எப்போது செய்வது?

முதலாவது, விபத்து நடந்த அன்றே அறிவிக்கவேண்டும். தோட்டத்து மருந்துக்குப் போனாலும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாலும், "வேலை செய்யும்போது நடந்தது" என்பதை வைத்தியரிடம் சொல்லி எழுதச் செய்யவேண்டும். மருத்துவக் குறிப்பில் இல்லாததைப் பின்பு நிரூபிப்பது கடினம்.

இரண்டாவது, கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, டிக்கட் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் பத்திரமாக வைக்கவேண்டும். பிரதி எடுத்து உறவினர் வீட்டிலும் ஒன்று வைத்தால் வெள்ளமோ மண்சரிவோ வந்தாலும் உதவும்.

மூன்றாவது, சிகிச்சை முடிந்து இனி முன்னேற்றமில்லை என்று வைத்தியர் கருதும்போது, இயலாமை நிரந்தரமானதா தற்காலிகமானதா, முழுமையானதா பகுதியானதா என்று தெளிவாக எழுதிய சான்றிதழைக் கேட்கவேண்டும். "பாரம் தூக்கக்கூடாது" என்று மட்டும் எழுதிய துண்டு போதாது. அது இலேசான வேலை கேட்க உதவும். முழு இயலாமையைக் காட்டாது.

நான்காவது, வேலையை விடுமுன் நட்டஈடும் ஈ.டி.எஃப். இயலாமை நன்மையும் கேட்டு விண்ணப்பிக்கவேண்டும். பின்பு மருத்துவக் காரணத்தைக் குறிப்பிட்டு விலகி, ஈ.பி.எஃப்.ஐயும் சேவைக்காலப் பணத்தையும் கேட்கவேண்டும். அத்துடன் மாதாந்த உதவிப்பணத்துக்குக் கிராம அலுவலரைக் காணவேண்டும்.

ஐந்தாவது, கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் பிரதி வைத்து, அதில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையொப்பமும் திகதியும் வாங்கவேண்டும். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

தேவையான பத்திரங்கள்

தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எஃப். அங்கத்துவ இலக்கமும் பி அட்டையும், கடைசிச் சம்பளச் சீட்டுகள், வைத்தியச் சான்றிதழ், உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியன பொதுவாகத் தேவைப்படும்.

நம்மவர்களுக்கு அதிகம் சிக்கல் தருவது பெயர். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, பிறப்புச் சான்றிதழில் மூன்றாவதாக ஒன்று. வேறு மொழியில் எழுதும்போது எழுத்துகள் மாறியிருக்கும். வீட்டில் கூப்பிடும் பெயரைக் கணக்கப்பிள்ளை பதிந்திருப்பார். நோய் வந்தபின் இதைத் திருத்த ஓடுவதைவிட, இன்றே எல்லாப் பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் தோட்ட ஆபிஸிலும் தொழில் அலுவலகத்திலும் திருத்தக் கேளுங்கள். இரண்டு மூன்று தோட்டங்களில் வேலை செய்தவருக்கு இரண்டு மூன்று கணக்குகள் இருக்கலாம். எல்லா இலக்கங்களையும் எழுதி வையுங்கள்.

பத்திரங்கள் மண்ணுக்குள் போய்விட்டனவா? பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். அதைக்கொண்டு கிராம அலுவலர் ஊடாக அடையாள அட்டைப் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டை இலக்கம் கிடைத்தால் ஈ.பி.எஃப். கணக்கைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். வீடு போனாலும் மத்திய வங்கியில் இருக்கும் உங்கள் கணக்கு போகாது.

தராமல் இழுத்தடித்தால்?

ஈ.பி.எஃப். கழித்தும் கட்டாத நிர்வாகங்கள் உண்டு. சட்டப்படி பிந்திய காலத்துக்கு ஏற்ப நூற்றுக்கு 5 முதல் 50 வரை மேலதிகக் கட்டணம் அவர்கள் கட்டவேண்டும். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் உள்ள தொழில் அலுவலகங்களில் முறைப்பாடு செய்யலாம். தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்தின் ஊடாகப் பணத்தை அறவிட முடியும். தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டுபவர்கள் மாவட்டக் காரியாலயத்தின் உதவியைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. வழக்குப் பேச வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

விண்ணப்பத்தை நிரப்ப முகவரோ தரகரோ தேவையில்லை. "நான் முடித்துத் தருகிறேன், நூற்றுக்கு இத்தனை தா" என்பவரிடம் அடையாள அட்டையையோ வங்கிப் புத்தகத்தையோ கொடுக்கவேண்டாம். தனியார் ஆயுட் காப்புறுதி எடுப்பவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். நிரந்தர இயலாமை நன்மை அதில் சேர்க்கப்பட்டிருக்கிறதா, அதை எப்படி வரையறுத்திருக்கிறார்கள் என்பதைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். முன்பிருந்த நோயை மறைத்து எடுத்த காப்புறுதியும், தவணை கட்டாமல் விட்ட காப்புறுதியும் வேண்டிய நேரத்தில் உதவாது.

முடிவாக ஒன்று சொல்வோம். இங்கே சொன்ன எந்தப் பணமும் பிச்சை அல்ல. நீங்கள் குளிரிலும் மழையிலும் உழைத்த நாட்களிலிருந்து சேர்ந்தது அது. அல்லது குடிமகன் என்ற முறையில் உங்களுக்கு உரியது. இந்தக் கட்டுரையை வாசித்து முடித்ததும், வீட்டில் உள்ள பத்திரங்களை எடுத்து விரித்துப் பாருங்கள். எது இருக்கிறது, எது இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். வாசிக்கத் தெரியாத பக்கத்துக் காம்பராப் பாட்டிக்கும் இதை வாசித்துச் சொல்லுங்கள். கையும் காலும் நன்றாக இருக்கும்போது செய்யவேண்டிய வேலை இது.